நாலுக்கு ஒன்று

அவள் உள்ளே போகட்டும் என்று நின்றான்.

போகவில்லை.

மணி மூன்றரை. பால் கறந்து கேனில் ஊற்றியாகிவிட்டது. வண்டியில் தூக்கி வைக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எப்போதும் அதை முடித்துவிடுவான். இன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் விட்டுத் தொலைத்திருக்கிறார்கள்.

கேன் திறந்து கிடந்தது. உள்ளே எட்டு லிட்டர். அடிபம்பு அவன் முதுகுக்குப் பின்னால்.

“போ தாயி, போய் ஏதாச்சும் சாப்பிடு.”

“கையெழுத்து வேணும்ப்பா.”

பரீட்சைத் தாளை நீட்டினாள். அரையாண்டுக் கணக்குத் தாள்.

கணக்கு என்றாலே அவனுக்கு ஆகாது. பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். ஆனால் கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் யோக்கியமானவர்கள் இல்லை என்பது தெரியும். அவர்கள் கணக்கில் பழக்கடைக்காரன் அழுகலைத் தள்ளிவிட மாட்டான். துணிக்கடைக்காரன் மீட்டரில் இரண்டு விரல் குறைக்க மாட்டான்.

பால்காரன் மட்டும் தண்ணீர் ஊற்றுவான். வருஷா வருஷம் ஊற்றுவான்.

காலாண்டுப் பரீட்சையிலும் ஊற்றினான். ஆறு லிட்டர் பாலில் இரண்டு லிட்டர் தண்ணீர் கலந்தால் விகிதம் என்ன?

அவள் எழுதியிருந்தாள்: பால்காரர் தண்ணீர் கலக்க மாட்டார்.

முட்டை.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். சண்டை போடத்தான் போனான். டீச்சர் தாளை வாசித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

“மார்க்கை விட்டுட்டா. உங்களை விட்டுக்கொடுக்கலைங்க.”

ஊரில் அவன் பாலை நம்பினவர் கிடையாது. ஒரு சொட்டு எடுத்து நகத்தில் விட்டு, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவார்கள். அவனும் ஒருத்தரையும் நம்பினதில்லை. அந்தக் கணக்கு நேராகிவிட்டது.

நடுவில் இப்படி ஒருத்தி.

அன்று சாயங்காலம் தண்ணீர் கலக்கவில்லை.

“என்னய்யா, உங்க தெருப் பம்பு ரிப்பேரா?” என்று முதல் வீட்டில் கேட்டார்கள். கடைசி மூன்று வீட்டுக்குப் பால் பற்றவில்லை. நாளைக்கும் இப்படித்தான் என்றால் வரவே வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் கலந்தான்.

இரண்டு மாட்டில் ஒன்று ஆடியிலேயே செத்துப்போயிருந்தது. வீடுகள் பதினான்கும் அப்படியேதான் இருந்தன.

இப்போது தாளைத் திருப்பிப் பார்த்தான். சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். நூற்றுக்கு நூறு. அந்த எண் அவனுக்குத் தெரியும்.

சிரிப்பு வந்தது.

“இந்தத் தடவை பால்காரன் தப்பிச்சானா?”

அவள் சிரிக்கவில்லை.

“எங்க, அந்த நட்சத்திரம் போட்டதைப் படி.”

“வேணாம்ப்பா.”

“அட, படி தாயி.”

படித்தாள். சொந்தமாக ஒரு கணக்கு எழுதி விடை காண்க. அதுதான் கேள்வி. காலைப் பார்த்துக்கொண்டு, ஒப்பிப்பதுபோல் படித்தாள்.

“ஒரு பால்காரரிடம் ஒரு மாடு இருக்கிறது. அது ஒரு வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கும். அவர் பதினான்கு வீடுகளுக்குப் பத்து லிட்டர் ஊற்றுகிறார்.”

நிறுத்தினாள்.

அவனுக்குத் தன் பெயரைத் தவிர எழுத வராது. எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று பால் நோட்டில் எழுதுகிறவள் அவள்தான். லீவு நாளில் கறக்கும்போது கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளும் அவள்தான். லிட்டர் குவளையால் அளந்து கேனில் ஊற்றும்போது ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவாள்.

விளையாட்டுக்கு எண்ணுகிறாள் என்று நினைத்திருந்தான்.

“விடை,” என்று படித்தாள். “தண்ணீர் இரண்டு லிட்டர். பாலுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் நாலுக்கு ஒன்று.”

கேன் விளிம்பில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டவில்லை.

அவள் தாளை அவன் கையில் கொடுத்தாள்.

“கணக்குல பேர் போடலப்பா.”

தாளின் அடியில் ஒரு கோடு. பெற்றோர் கையெழுத்துப் போடுகிற இடம். கைநாட்டு வைக்கிற அப்பா வேண்டாம் என்று, போன வருஷம் ஒரு மாசம் உட்காரவைத்து அவனுக்கு எழுதப் பழக்கினாள்.

பேனாவை வாங்கினான். வண்டி சீட்டில் தாளை விரித்தான்.

ச.

ன்.

னா.

சி.

எப்போதும் எழுதி முடித்ததும், சரியா தாயி என்று கேட்பான். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தலையாட்டுவாள்.

கேட்கவில்லை.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். இனி உள்ளேதான் இருப்பாள் என்று நினைத்தான்.

வெளியே வந்தாள். லிட்டர் குவளையை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் பம்புக்குப் போனாள். எம்பி எம்பி அடித்தாள். விளிம்பு வரைக்கும் பிடித்தாள். சிந்தாமல் நடந்து வந்து, கேனில் ஊற்றாமல் அதன் பக்கத்திலிருந்த வாளியில் ஊற்றினாள்.

எண்ணவில்லை.

இன்னொன்றுக்குத் திரும்பிப் போனாள்.