அளவுத் துணி

ஏணியின் நாலாவது படியில் நின்று, அவள் சுவரிடம் ஐந்தாவது தடவையாகச் சொல்லிப் பார்த்தாள். சுவர் மறுபேச்சுப் பேசவில்லை. அம்மா சுவர் இல்லையே, அதுதான் சிக்கல்.

ஒட்ட வெட்டிய முடி, சுருட்டிவிட்ட பேன்ட், காதுமடலில் வெள்ளைப் பெயின்ட். அவள் வீட்டில் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்கிறவர்கள் ஒரே பார்வையில் முடிவு கட்டிவிடுவார்கள். கூடப் பெயின்ட் அடிக்கும் அக்காவும் அப்படித்தான். உன்னைப் பெத்தவளுக்குத் தெரியாததா என்று கீழே ஏணியைப் பிடித்தபடி கேட்டாள்.

“முதல் கோட்டிங் அடிச்சு மூணு வருஷம் ஆச்சுக்கா. அதுக்கே ஒரு மாசம் என்கூடப் பேசல. இப்பதான் காய்ஞ்சிருக்கு, அதுக்குள்ள வேற கலரைத் தூக்கிட்டுப் போறேன். என்னை மாதிரி கூறுகெட்டவ உண்டா?”

சாயங்காலம் துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா தையல் மிஷின் முன்னால் இருந்தாள். மேசையில் கத்தரிக்கோல், பக்கத்தில் சரிகைக் கரை போட்ட பச்சைத் துணி.

வீட்டுக்கு வரப்போகிறவங்களுக்கு என் கையால் ஒன்று தைக்கணும், அளவுத் துணி வாங்கிட்டு வா என்று அம்மா ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். மகளோ ‘அவங்க, அவங்க’ என்றே சொல்லி மூன்று மாதத்தை ஓட்டிவிட்டாள். மூன்று மாடி உயரத்தில் தொங்கிப் பெயின்ட் அடிப்பவளின் தைரியம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அம்மா பேச்சை நிறுத்தினால், மறுபடி பேசவைக்க அவளிடம் தெம்பு இல்லை.

சுவரிடம் சொல்லிப் பார்த்ததை விட்டுவிட்டுப் பையை நீட்டினாள்.

அம்மா உள்ளே இருந்ததை எடுத்து உதறினாள். தோள் இரண்டையும் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். காலர் வைத்த, அகலத் தோள் ஆம்பளைச் சட்டை.

“பொண்ணுங்களைப் பிடிக்கும்னு அன்னைக்குச் சொன்னது பொய்யில்லம்மா. அந்தக் கலரு அழியல. இதுவும் என் கலருதான்.”

அம்மா சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். வெட்டக் காத்திருந்த ரவிக்கைத் துணியைத் தடவினாள்.

“மருமக வரப்போறாள்னு ஊரெல்லாம் சண்ட போட்டுச் சொல்லிவெச்சிருக்கேனேடி.”