எதிரே கம்பெனி இல்லை

கணவரின் மின்னஞ்சல் முகவரிக்கு எதிரே கம்பெனி பெயர் இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இல்லை.

அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் அவளுடைய வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் திறந்த மூல மென்பொருள்களுக்கு எந்தக் கம்பெனி எவ்வளவு எழுதிக் கொடுத்தது என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுவார்கள். எழுதியவரின் முகவரியிலேயே கம்பெனி பெயர் இருக்கும். வரிகளைக் கூட்டி அதன் பேரில் ஏற்ற வேண்டும்.

கணவர் எட்டு மாதமாகத் தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருந்தார்.

மறதியாக இருக்கும் என்று, அனுப்பிய நேரங்களைப் பார்த்தாள். காலை பத்தேகால். பதினொன்றரை. பிற்பகல் மூன்று. எல்லாமே ஆபீஸ் நேரம்.

இன்று காலையும் “லேட்டாச்சு, லேட்டாச்சு” என்று சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாரே.

அவருடைய கடைசிப் பதிவைத் திறந்தாள். நான்கு நாளுக்கு முந்தையது. மென்பொருள் ஒரு வரிகூட இல்லை. கூட எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும்.

‘இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டேன். இனி என்னால் முடியாது. கடவுச்சொற்களை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். என்னைத் தேட வேண்டாம்.’

அவள் உடனே அவரைப் போனில் கூப்பிட்டாள்.

போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

நாலு நாளாக மனுஷன் படுத்ததும் தூங்கிவிடுகிறார் என்று சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது அதுவும் பயமாக இருந்தது. மனசு ரயில் தண்டவாளத்துக்குப் போனது. ஆற்றுப் பாலத்துக்குப் போனது. இழுத்து இழுத்துக் கொண்டுவந்தாள்.

மேலாளர் அம்மா தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “ஒரே ஒரு கட்டம்தாம்மா பாக்கி. மூணு மணிக்கு அனுப்பணும். கம்பெனி இல்லேன்னா ‘தனி ஆள்’னு போட்டு முடிச்சிடு.”

தனி ஆள். அந்த இரண்டு சொல்லை அடிக்க விரல் வரவில்லை.

படிக்கட்டுக்கு ஓடினாள். பன்னிரண்டாவது தடவை அடித்து நின்ற பிறகு, போன் அவள் கையிலேயே அதிர்ந்தது.

“என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? மீட்டிங்ல இருந்தேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கங்க இருக்கீங்க? உங்க பேருக்கு எதிர்ல கம்பெனியே இல்லீங்க.”

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“கம்பெனிலேர்ந்து எட்டு மாசத்துக்கு முன்னாலயே அனுப்பிட்டாங்க. இப்ப குடோன்ல. பெட்டி இறக்கற வேலை. நாலு நாளாச்சு. போனை வாசல்லயே வாங்கி வச்சுக்கறாங்க, சாப்பாட்டு நேரத்துலதான் குடுக்கறாங்க.” மூச்சு வாங்கினார். “உன் மேல தப்பில்லம்மா. எண்ணச் சொன்னதத்தானே நீ எண்ணினே?”

தன் மேல் தப்பா என்று அவள் கேட்கவே இல்லை.

இருக்கைக்குத் திரும்பிவந்து, போன வருடப் பட்டியலைத் திறந்தாள். அவருடைய கம்பெனி காசு கொடுத்துக் கேட்டு வாங்கிய, ஆள்வாரியான பிரதி. அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். அது போய்ச் சேர்ந்த மறுமாதம்தான் அவர் முகவரி மாறியிருந்தது.

கணவரின் பெயருக்கு எதிரே பூஜ்யம்.

அந்த வருடம் அவர் சொந்தமாக ஒரு வரியும் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதி அனுப்பிய ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பதிவுகளையும் வரிவரியாகப் படித்து, பிழை பிடித்து, திருத்திக் கொடுத்திருந்தார். படித்துக் கொடுப்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.

அதே கம்பெனியில் பூஜ்யம் வாங்கியவர்கள் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்.

அவரைத் தவிர மற்றவர்களை ஒவ்வொரு பெயராக இந்த வருடப் பட்டியலில் தேடினாள். கம்பெனி முகவரியில் இல்லை. சொந்த முகவரியிலும் இல்லை.

மற்ற முப்பத்தேழு பேரின் போன் நம்பர் அவளிடம் இல்லை.