வாடகை ஏறிய வீடு

"அடுத்த மாசத்துலேருந்து வாடகை கூடுதுக்கா. துபாய்ல இருக்கிற ஓனர் கண்டிப்பா சொல்லிட்டாரு" என்றார் திருக்காட்டுப்பள்ளி வீட்டு புரோக்கர் சித்தீக்.

முதியோர் பென்ஷனில் காலம் தள்ளும் தர்மாம்பாள் திகைத்துப் போனாள். "பென்ஷன் முழுக்க வாடகைக்கே போயிடுமே பாய்!"

"மகன்கிட்ட கேளுங்களேன்."

"அவன் இஷ்டப்பட்டவளைக் கட்டினதுக்கு, 'என் மூஞ்சியில முழிக்காதே'ன்னு விரட்டினவ நான். இப்ப எந்த முகத்தோட கேக்குறது? நெனைக்காத நாளில்ல. ஆனா அவனா வந்தாத்தான் உண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "களையெடுக்கப் போயாவது வாடகையைத் தந்துடுறேன்."

சித்தீக்குக்கு மனசு கேட்கவில்லை. வாசலுக்கு வந்து துபாய்க்குப் போன் போட்டார்.

"களையெடுக்கப் போறாங்களாம், தம்பி."

மறுமுனையில் தர்மாம்பாளின் மகன் ராஜ்குமார் விம்மினான். "அவங்க குடியிருக்கிற வீட்டையே வாங்கி, வாடகையையும் ஏத்திப் பார்த்தேன் பாய். கஷ்டம் வந்தாலாவது என்னைத் தேடுவாங்கன்னு நெனைச்சேன். நானாப் பேசப் பயமா இருக்கு."

சித்தீக் உள்ளே போய் தர்மாம்பாளிடம் போனை நீட்டினார். "ஓனர்... நீங்களே பேசுங்க."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஐயா, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதுங்களா?"

"அம்மா..." என்றது போன்.