நாற்காலியில் பகவதி

நாகர்கோவில் படக்கடையில் ஞானதாசன் ஒற்றை நாற்காலியைப் போட்டார்.

“அண்ணாச்சி இருங்க. அக்கா பக்கத்துல நிக்கட்டும். அதாக்கும் வழக்கம்.”

“வேண்டாம்,” என்றார் தாணுமாலயன். “பொம்பளைக்கும் மரியாதை குடுக்கணும். பகவதி இருக்கட்டும், நான் நிக்கேன்.”

காத்திருந்த பெண்கள் தங்கள் கணவர்களை முறைத்தார்கள். ஞானதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்கள மாதிரி ஒரு ஆம்பிளைய நான் பாத்ததே இல்ல!” என்றவர், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். “ரெண்டு பேரும் அசையப்பிடாது!”

படம் எடுத்து முடிந்தது. வெளியே வில்வண்டி காத்திருந்தது. பகவதி ஏறி அமர்ந்தாள்.

“நீங்களும் ஏறுங்க.”

“நீ போ. நான் நடந்தே வாறேன்.”

பகவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“குண்டியில வந்த கட்டி உடையதுக்கு முன்னால இன்னொரு படம் எடுத்துருவோமா?”