பாதி டப்பா

மழை பொய்த்த அந்தக் கோடையில் பெட்டை ஆட்டுக்குட்டிக்குத் தினம் பாதி டப்பா தீவனம்தான் கிடைத்தது.

"பாதி தின்னா பாதிதான் வளருவே," என்றது தகர டப்பா. அளந்து போடுவது தான்தான் என்ற பெருமை அதற்கு.

குட்டி டப்பாவுக்குள் முகத்தை நுழைத்து ஒட்டிய தூளையும் நக்கும். அப்போதெல்லாம் அதன் நெஞ்சுத் துடிப்பு தகரத்தில் அதிரும். ஒருநாள் அந்தத் துடிப்பு ரொம்ப மெதுவாகிவிட்டது.

"என்னடி, சாகப் போறியா?" டப்பா பதறியது.

"இல்லைண்ணே. உள்ளே எல்லாரும் விட்டுக்கொடுக்கிறாங்க. நெஞ்சு மெதுவா அடிச்சுக்கிறேன்னுச்சு. ஈரல் சுருங்கிக்கிச்சு. கொழுப்பு, எனக்கு இப்போ ஒண்ணும் வேணாம்னு ஒதுங்கிடுச்சு. மிச்சம் பிடிச்சதெல்லாம் எலும்புக்குப் போகுது."

டப்பா அண்ணாந்து பார்த்தது. மெலிந்த உடம்புக்குக் கீழே கால்கள் நீண்டிருந்தன. தினமும் எதிரிலேயே நின்ற குட்டிதான், டப்பா இதைக் கவனித்ததே இல்லை.

மழை வந்தது. பச்சைப் புல் வந்தது, டப்பாவும் நிரம்பி வந்தது. நேற்றுப் பார்த்த குட்டியை இன்று அடையாளம் தெரியவில்லை, அப்படி வளர்ந்தது.

ஒரு காலையில் அது பழைய நினைப்பில் டப்பாவை நக்கக் குனிந்தது. முகம் உள்ளே நுழையவில்லை.

தன் வாய் எவ்வளவு சின்னது என்று டப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது.