ஒரு முழம் தள்ளி

கேன் மறுபடியும் கைக்கு எட்டவில்லை.

ஒரு முழம். அவ்வளவுதான். படகின் ஓரத்தில் சாய்ந்து அவள் கையை நீட்டினாள். மஞ்சள் பிளாஸ்டிக் கேன் ஒருமுறை குலுங்கிவிட்டுப் பின்னால் போய்விட்டது.

அந்தக் கேன்தான் தண்ணீரில் விழுந்த ஆள் என்று கணக்கு. பாய்மரப் படகைத் திருப்பிக்கொண்டு வந்து, பக்கத்தில் நிறுத்தி, தூக்கி உள்ளே போட வேண்டும். பரீட்சையில் மிச்சம் இது ஒன்றுதான். இதில் தேறினால் துணைக்கு ஆளில்லாமல் தனியாகவே படகெடுத்துப் போகலாம்.

எழுத்துத் தேர்வில் அவளுக்குத்தான் முதல் மார்க். முடிச்சுகளைச் சமையலறை ஜன்னல் கம்பியில் போட்டுப் போட்டுப் பழகியிருந்தாள். காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாயிற்று.

நிறுத்தத்தான் வரவில்லை.

படகுக்கு பிரேக் கிடையாது. பாயின் கயிற்றை இழுத்துப் பிடித்தால் ஓடும். விட்டால் நின்றுவிடும். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற சங்கதி.

ஆனால் அவள் காலமெல்லாம் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்வந்தவள். நிறுத்த வேண்டும் என்று தோன்றியதுமே விரல்கள் இறுகிவிடும். கயிறும் கூடவே இறுகும். படகு இன்னும் வேகமாகப் பாயும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஸ்கூட்டர் பழக்கம் அதையும் தாண்டிவிடும் போலிருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் இது என்ன தலையெழுத்து என்று அழுகை முட்டியது.

மோட்டார் படகு பக்கத்தில் வந்து நின்றது. பரீட்சை நடத்துகிற பூவரசன். பத்தாம் வகுப்பில் அவளிடம் கணக்குப் படித்தவன். அவளைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறான், ஆடுகிற படகில்கூட. அதுதான் அவளுக்கு எரிச்சல். மற்றவர்களை விளாசித் தள்ளுகிறவனுக்கு இவளிடம் மட்டும் குரலே எழும்புவதில்லை.

“தொட்டுட்டீங்கல்ல மிஸ்,” என்றான், எங்கேயோ பார்த்துக்கொண்டு. “பாஸ் போட்டுடறேன்.”

அவள் தொடவில்லை. அது அவனுக்கும் தெரியும்.

அரை மார்க்குக்காக ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். இவனும் நின்றிருக்கிறான். ஒருநாளும் அவள் போட்டதில்லை.

இப்போது தலையை ஆட்டினால் போதும். வீட்டுக்குப் போய் உப்புப் போகக் குளிக்கலாம். இந்தக் கேனின் முகத்திலேயே விழிக்க வேண்டாம்.

ஆசையாகத்தான் இருந்தது.

“ஃபெயில் போடு, பூவரசா.”

அவன் கேனை எடுக்கப் படகைத் திருப்பினான்.

“அதை விடு. நான் எடுத்துக்கறேன்.”

மோட்டார் சத்தம் அடுத்த ஆளின் படகை நோக்கிப் போனது.

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். கோபம் அடங்கவில்லை. அவன்மேலா, கேன்மேலா, தன்மேலேயேவா, தெரியவில்லை. கயிறு அறுத்து அறுத்து உள்ளங்கை தீயாக எரிந்தது.

ஊதிக்கொள்வதற்காகக் கயிற்றை விட்டாள்.

பாய் படபடத்தது. படகு தளர்ந்து, நின்றேவிட்டது.

டொக்.

எட்டிப் பார்த்தாள். கேன் படகின் விலாவில் முட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். தூரத்தில் பூவரசன் யாரையோ விளாசிக்கொண்டிருந்தான். அவன் முதுகுதான் தெரிந்தது.

ஒரு குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பான்.

அவள் கேனைத் தூக்கினாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது. மூடியைத் திருகி இறுக்கினாள்.

முன்பு கிடந்ததைவிட எட்ட வீசினாள்.