பதினாலாம் நம்பருக்குக் கண்டம்

"சத்யா, பதினாலாம் நம்பரை இன்னைக்கே கண்டம் பண்ணிரணும்மா. டெக்னிக்கல் அசிஸ்டென்ட் கையெழுத்து இல்லாம முடியாது."

மேனேஜர் வேதசிரோமணி சார் ஒரு படிவத்தை நீட்டினார்.

இனி உதவாது என்று எழுதிக் கழித்துவிடுவதைத்தான் எங்கள் ஆபீசில் கண்டம் பண்ணுவது என்பார்கள். ஆனால் பதினாலாம் நம்பர் நாற்காலியோ மின்விசிறியோ இல்லை. எங்கள் மீன்குஞ்சுப் பண்ணையின் தாய் மீன். கட்லா. ஒன்பது கிலோ. துடுப்பில் நம்பர் வில்லையோடு தொட்டியில் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

படிவத்தைப் படித்தேன். 'பொருளின் பெயர். பழுதின் தன்மை. ஆணி, திருகு ஏதும் கழன்றுள்ளதா?' கடைசியில் அச்சடித்த ஒரு வரி: 'மேற்படி பொருள் இனி மனிதப் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று சான்றளிக்கிறேன்.'

"சார், இது நாற்காலிக்கு உள்ள படிவம்..."

"மீனுக்குன்னு தனியா அடிக்கலைம்மா. ஆணி, திருகுல 'இல்லை'ன்னு போட்டுக்கோ."

"பழுதுன்னு என்ன சார் எழுத?"

"முட்டை போடலைன்னு எழுது."

"போன ஆடியில எட்டு லட்சம் முட்டை சார். ரிஜிஸ்டர்ல நீங்கதான் எழுதியிருக்கீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப வயசாயிருச்சுன்னு எழுது."

"அதுக்கு அஞ்சு வயசுதான் சார்."

"சாயந்திரத்துக்குள்ள வேணும்மா," என்று எழுந்து போய்விட்டார்.

தொட்டியடியில் சங்கிலிப்பாண்டி அண்ணன் ஒரு பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். பண்ணையில் வலை இழுப்பது, தீவனம் போடுவது எல்லாம் அவர்தான்.

"என்ன பாப்பா, மூஞ்சி செத்துப் போய்க் கெடக்கு?"

சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தண்ணியில கண்டம்னு சோசியக்காரன் மனுசனுக்குத்தான் சொல்லுவான். மீனுக்குமா?"

"சிரிக்காதீங்கண்ணே. நல்ல மீனை எதுக்குக் கழிக்கணும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூர்ல சார் பேத்திக்கு ஞானஸ்நானம். நூறு பேருக்குச் சாப்பாடு. ராஜபாளையத்துச் சமையக்காரருக்குச் சொல்லியாச்சு. இந்த அண்டாவக் கொண்டாரச் சொன்னதும் சார்தான். போன வருசம் ஒம்பதாம் நம்பர் கதையும் இதான். ரெண்டு நாள் லீவு முடிஞ்சு வந்து பாக்கேன், தொட்டி காலி."

"'மனிதப் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல'ன்னு போட்டிருக்கே, அண்ணே?"

"அப்படிப் போட்டாத்தான பாப்பா வேற யாரும் கேக்க மாட்டாக!"

மத்தியானம் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கப்பா கைநாட்டு. எங்கள் வீட்டின் முதல் கையெழுத்து என்னுடையதுதான். வேலைக்கு வந்த முதல் நாள் சேத்தூரில் பஸ் ஏற்றிவிடும்போது, "என்ன பேப்பர்னாலும் படிச்சிட்டுப் போடு தாயி," என்றார்.

படித்துவிட்டேன். அதுதான் பிரச்சினை.

நாலு மணிக்கு வெற்றுப் படிவத்தோடு சார் முன்னால் போய் நின்றேன்.

"வேலையை விட்டு எடுத்தாலும் சரி சார். உங்க வீட்டு விசேஷத்துக்காக நான் பொய் எழுத மாட்டேன்."

"எங்க வீட்டு விசேஷத்துக்கா?"

சார் விழித்தார். மேலே பேசுவதற்குள் வாசலில் ஜீப் சத்தம்.

ஹெட் ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி கௌதம்ராஜ் சார். ஆபீசுக்குள் வரவில்லை, நேரே தொட்டிக்குத்தான் போனார். பின்னாலேயே டிரைவர், ஐஸ் பெட்டியோடு. நாங்களும் ஓடினோம்.

"ஆகா! போன வாரம் பாத்ததைவிட ஒரு சுத்து பெருத்திருக்கே! என்ன வேதசிரோமணி, போன வருஷம் ஆசைப்பட்டு ஒரு மீன் கேட்டேன். ஒன்பதாம் நம்பர் கண்டம் ஆயிருச்சுன்னு பேப்பரை நீட்டிட்டீங்க. இந்த வருஷம் பேப்பர் எதுவும் இல்லையே?"

மேனேஜர் சார் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லைங்கய்யா."

கௌதம்ராஜ் சார் செல்போனை எடுத்து, மீனும் தானுமாகப் படம் பிடிக்கத் தொட்டிமேல் சாய்ந்தார்.

நான் மேனேஜர் சாரிடம் மெல்லக் கேட்டேன். "அப்ப அந்த அண்டா எதுக்கு சார்?"

"ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்குல்ல, அந்தப் பழைய குளத்துக்குத் தூக்கிட்டுப் போக. ஒம்பதாம் நம்பர் அங்கதான் ஒத்தையில கெடக்கு." சார் குரல் இன்னும் இறங்கியது. "எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை கோழி பிரியாணிம்மா."

படிவம் என் கையிலேயேதான் இருந்தது. அப்பா சொன்னபடி இன்னொரு தடவை படித்தேன். இந்தத் தடவை கடைசி வரி பொய்யாகத் தெரியவில்லை; தாய் மீன் யார் சாப்பாட்டுக்கும் உகந்ததில்லைதான். தொட்டி விளிம்பில் வைத்து எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

கௌதம்ராஜ் சார் கண் நேரே கடைசி வரிக்குப் போனது.

"'மனிதப் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல'ன்னு போட்டிருக்கு!" தண்ணீரில் அளைந்துகொண்டிருந்த கையைச் சட்டென்று உதறிச் சட்டையில் துடைத்தார். டிரைவர் ஐஸ் பெட்டியை மூடினார்.

"ஏம்மா, நல்லாத்தான நீந்துது? அப்படி என்ன பழுது?"

ஒரு பொய்கூடக் கலக்காமல் சொன்னேன்.

"தண்ணியில கண்டம் சார்."